ஏற்காட்டு மலையில் டவர் மாட்யூல் மாற்றுதல்: அடிவாரத்திலிருந்து அலாரம் அடங்கும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அடிவாரத்தில் வண்டியைக் கிளப்பும்போது ஒரு எஸ்எஃப்பியையோ குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ஸ்பேனரையோ எடுத்துவைக்க மறந்தவர், அந்த இருபதையும் இறங்கி மறுபடி ஏற வேண்டும். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டால் அன்றைய வேலை அன்றோடு முடிந்தது. செல்போன் டவரின் பேஸ் ஸ்டேஷனில் பழுதான ஒரு போர்டை உருவிப் புதியதைச் செருகுவதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆபத்தும் அலைச்சலும் அந்தச் சில நிமிடங்களுக்கு முன்னும் பின்னும்தான் காத்திருக்கின்றன என்பது என் அனுபவம் என்பதால், இந்த வழிகாட்டி அந்த இரண்டு பக்கங்களிலும் சற்றுக் கூடுதலாகவே நிற்கும். டவரின் அடியில் உள்ள கருவி அறையான ஷெல்டருக்குள் இருக்கும் பிபியு என்னும் பேஸ்பேண்ட் யூனிட்டின் போர்டுகள், பவர் மாட்யூல், ஃபேன், ஒளி இழையை இணைக்கும் எஸ்எஃப்பி, டவர் மேலே ஆன்டெனாவுக்குப் பின்னால் தொங்கும் ஆர்ஆர்யு என்னும் ரேடியோ யூனிட் ஆகியவற்றை மாற்றுவது பற்றியே இங்கே பேசுகிறேன். கருவியைச் செய்த நிறுவனத்தின் கையேடு எங்கேனும் வேறு விதமாகச் சொன்னால், அதையே பின்பற்ற வேண்டும்.

பழுது எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுதல்

அலாரத்தில் ஒரு மாட்யூலின் பெயர் வந்தது என்பதற்காக அந்த மாட்யூலே பழுது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மலையிலிருந்து கழற்றி அனுப்பப்பட்ட ஆர்ஆர்யு, பழுது பார்க்கும் மேசையில் நன்றாக இயங்குவதும், மாற்றி வைத்த புதியதிலும் அதே அலாரம் வருவதும் இந்தத் தொழிலில் எல்லோரும் கண்டதுதான். அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் வி.எஸ்.டபிள்யூ.ஆர் அலாரம் இதற்கு நல்ல உதாரணம். அந்த அளவு 1.5 என்றால் ஆன்டெனாவை நோக்கிச் சென்ற சக்தியில் 4 சதவீதம் திரும்பி வருகிறது என்று பொருள். 3 என்றால் 25 சதவீதம் திரும்புகிறது. திருப்பி அனுப்புவது பெரும்பாலும் ஆர்ஆர்யுவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் ஜம்பர் கேபிளின் கனெக்டருக்குள் புகுந்த தண்ணீர்தான். மாதக்கணக்கில் பனியும் சாரலும் மாறி மாறி நனைக்கும், ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் இதை முதல் சந்தேகமாகவே கொள்ளலாம். அந்த ஆன்டெனா பார்க்கும் திசைப் பகுதியான செக்டரை லாக் செய்து (சேவையிலிருந்து நிறுத்தி), ஆர்ஆர்யுவின் மின்சாரத்தை நிறுத்தி, இரண்டு போர்ட்டுகளின் ஜம்பர்களை ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டி, மறுபடி இயக்கிப் பார்க்க வேண்டும். அலாரம் ஜம்பரோடு சேர்ந்து இடம் மாறினால் கோளாறு ஆன்டெனா பக்கத்தில் இருக்கிறது. அதே போர்ட்டில் நின்றால் ஆர்ஆர்யுவைச் சந்தேகிக்கலாம்.

ஆர்ஆர்யு தானாக அணைந்து அணைந்து எழுகிறது என்ற புகாரிலும் மின்கேபிளை முதலில் பார்க்க வேண்டும். 10 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிள் 50 மீட்டர் ஏறி 50 மீட்டர் திரும்பும் பாதையின் மின்தடை ஏறக்குறைய 0.18 ஓம்; 10 ஆம்பியர் ஓடும்போது அதிலேயே 1.8 வோல்ட் போய்விடும். மின்வெட்டு நீண்டு பேட்டரி 44 வோல்ட்டுக்கு இறங்கிய இரவில் மேலே கிடைப்பது 42 வோல்ட்தான். கேபிள் முனையில் லூசான ஒரு லக்கும் சேர்ந்துகொண்டால் ஆர்ஆர்யு அணைவதில் வியப்பில்லை. பகலில் நன்றாக இருந்து இரவு மின்வெட்டில் மட்டும் விழும் ஆர்ஆர்யுவை மாற்றுவதற்காக மலை ஏறுவது வீண் பயணம்.

எதைத் தொடுவதற்கு முன்னும் கருவியின் நிகழ்வுப் பதிவுகளை இறக்கிச் சேமித்துவிட வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பிறகு பல பதிவுகள் அழிந்துபோகும். பிறகு பழுதின் காரணத்தை எவராலும் சொல்ல முடியாது.

ஸ்பேரும் பயணமும்

ஸ்பேரின் பெட்டி மேல் உள்ள எண்ணை நம்பாமல், பெட்டியைத் திறந்து மாட்யூலின் லேபிளில் உள்ள பார்ட் எண், அலைவரிசை, போர்ட்டுகளின் எண்ணிக்கை, ஹார்டுவேர் பதிப்பு ஆகிய நான்கையும் சைட்டின் பதிவோடு ஒப்பிட வேண்டும். 1800 மெகாஹெர்ட்ஸ் ஆர்ஆர்யுவும் 2100 மெகாஹெர்ட்ஸ் ஆர்ஆர்யுவும் ஒரே அச்சில் வார்த்தது போலவே இருக்கும். பெட்டியை நம்பி ஒன்றை நாகலூர் பக்கத்து சைட் வரை கொண்டுபோய், கயிற்றில் மேலே ஏற்றி, மாட்டியும் முடித்த பிறகே அது வேறு அலைவரிசை என்று நான் கண்டுபிடித்த நாள் ஒன்று உண்டு. அன்று என்னோடு வந்த, டவர் ஏறும் ரிக்கர் மலை இறங்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

எஸ்எஃப்பிக்கும் இதே ஒப்பீடு தேவை. வேகம், ஒற்றை முறை இழையா பல முறை இழையா என்பது, எவ்வளவு தூரத்துக்கானது என்பது ஆகிய மூன்றும் இரு முனைகளிலும் பொருந்த வேண்டும். சாத்தியமானால் இரண்டாவது ஸ்பேர் ஒன்றையும், ஜம்பர் ஒன்றையும், ஒளி இழைத் துண்டான பேட்ச் கார்டு ஒன்றையும் சேர்த்தே ஏற்றிக்கொள்வது நல்லது.

மலைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல், மாட்யூலின் மீது நீர் பூப்பது. குளிர்ந்த பொருள் ஈரமான வெப்பக் காற்றைச் சந்திக்கும்போது அதன் மேல் பனித்துளி படியும் என்பது பள்ளிப் பாடம்தான். மார்கழி இரவில் ஏற்காட்டில் வண்டிக்குள்ளேயே கிடந்த ஸ்பேரை, காலையில் வெதுவெதுப்பான ஷெல்டருக்குள் கொண்டுவந்து உடனே பிரிப்பது இந்தப் பாடத்தை மறப்பதாகும். மாட்யூலை அதன் ஈரத் தடுப்பு உறை பிரியாமலே ஷெல்டருக்குள் ஒரு மணி நேரமாவது வைத்திருந்து, உறையின் வெளிப்புறம் காய்ந்து அறையின் சூட்டுக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். சேலத்தில் குளிரூட்டிய கிடங்கிலிருந்து எடுத்து வெயிலில் வைத்துப் பிரித்தாலும் இதேதான் நடக்கும்.

நேரமும் அனுமதியும்

எந்த செக்டர், எந்த மாட்யூல், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதை நெட்வொர்க் கட்டுப்பாட்டு மையத்துக்கு எழுத்தில் தெரிவித்து அனுமதி பெற வேண்டும். சேலம் ஐந்து ரோட்டில் ஒரு செக்டர் அணைந்தால் பக்கத்து டவர்கள் அந்த அழைப்புகளை ஏற்றுக்கொள்ளும். மலையில் அப்படி இல்லை. ஒரு முகட்டின் மறுபுறம் உள்ள காப்பித் தோட்டத்துக்கு அந்த ஒரே செக்டர்தான் சிக்னலாக இருக்கலாம், அது நின்றால் 108 ஆம்புலன்சுக்கோ 112க்கோ அங்கிருந்து அழைக்க வழி இருக்காது. எனவே எந்தப் பகுதி முழுவதுமாக இருளும் என்று முன்பே வரைபடத்தில் பார்த்து, அந்த நேரத்தைக் குறைக்கும்படி வேலையை அமைக்க வேண்டும். மே மாதக் கோடை விழா நாட்களில், உயிர் போகும் பழுது தவிர வேறு எதற்கும் மாட்யூலைத் தொடாதிருப்பது நல்லது.

ஷெல்டர் வேலையை நெரிசல் குறைந்த பின்னிரவில் செய்யலாம். டவர் ஏறும் வேலையை இரவில் செய்யவே கூடாது என்பது என் முடிவு. பனி விலகி இரும்பு காய்ந்த பிறகு தொடங்கி, பிற்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களில் மூன்று மணிக்கு மேல் இடி மேகம் கூடுவது சேலத்தில் வழக்கம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடி இருந்தால் மின்னல் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தூரத்தில்தான் விழுந்திருக்கிறது. அந்தத் தூரத்துக்குள் வந்துவிட்டால் இறங்க வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழியாமல் மறுபடி ஏறக் கூடாது. அந்தி நேரத்தில் சைட்டுக்குப் போகும் தோட்டப் பாதையில் காட்டெருமை நிற்கக்கூடும். ஹாரன் அடிக்காமல் காத்திருப்பதே வழி. டவரில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தால் அன்று ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

மின்சாரம்

பேஸ் ஸ்டேஷன் இயங்குவது மைனஸ் 48 வோல்ட் நேர்மின்னோட்டத்தில். இரண்டு வோல்ட் செல்கள் 24ஐத் தொடராக இணைத்து, ஒவ்வொன்றையும் 2.25 வோல்ட்டில் எப்போதும் சார்ஜில் வைத்திருப்பதால் மீட்டரில் பொதுவாக 54 வோல்ட் அருகே காணலாம். பழைய தொலைபேசி நிலையங்களில், நிலத்தடிக் கேபிள்கள் அரித்துப்போவதைக் குறைப்பதற்காகப் பாசிட்டிவ் முனையை எர்த்தில் இணைத்தார்கள். அந்த வழக்கமே இன்றும் தொடர்கிறது. இதன் நடைமுறை விளைவை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்: ஷெல்டரில் உள்ள ரேக், கேபிள் டிரே, கதவு எல்லாமே பாசிட்டிவ் முனையோடு சேர்ந்தவை. மைனஸ் மின்பட்டையான பஸ்பாரில் பட்ட ஸ்பேனரின் மறுமுனை ரேக்கைத் தொட்டால், பேட்டரி பேங்க் முழுவதும் அந்த ஸ்பேனர் வழியே பாயும்.

48 வோல்ட் ஷாக் அடிக்காது என்று சிலர் அலட்சியமாகச் சொல்வார்கள். உலர்ந்த கையில் அது பெரும்பாலும் உண்மை. ஆனால் ஷார்ட்டானால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் விரலோடு சேர்த்துச் சுட்டுவிட அது போதும். நகைகளைக் கழற்றிவிட்டு, பிடி முழுவதும் இன்சுலேஷன் உள்ள கருவிகளோடு மட்டுமே பவர் பக்கம் போக வேண்டும். பேட்டரிக்கு மட்டும் ஆஃப் என்ற நிலையே கிடையாது என்பதையும், அருகிலேயே 230 அல்லது 415 வோல்ட் ஏசி மின்சாரம், அதை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையருக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஏசி பக்கம் கை வைக்க நேர்ந்தால் ஜெனரேட்டரின் தானியங்கி ஸ்டார்ட்டையும் பூட்ட வேண்டும். மெயினை நிறுத்தினால் அது தானே ஓடத் தொடங்கும்.

நிறுத்தும் வரிசை இது. முதலில் கட்டுப்பாட்டு மையத்தின் வழியாக செக்டரை மென்மையாக லாக் செய்து, நடந்துகொண்டிருக்கும் அழைப்புகள் பக்கத்து செல்லுக்கு நகர நேரம் கொடுக்க வேண்டும். பிறகு அந்த மாட்யூலுக்கான எம்சிபி சுவிட்சை இறக்கி, அதில் பூட்டுப் போட்டு, பெயரும் நேரமும் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். எம்சிபி மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டை நம்பக் கூடாது. அந்த சைட்டில் மூன்று முறை கருவிகள் மாறியிருக்கும், சீட்டு மாறியிருக்காது. மீட்டரை முதலில் உயிருள்ள ஒரு முனையில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு நிறுத்திய முனையில் பூஜ்யத்தைக் கண்டு, மறுபடி உயிருள்ள முனையில் சோதித்த பிறகே அந்தக் கேபிளைத் தொட வேண்டும். வயரின் நிறமும் நம்பத்தக்கதன்று. நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் மாறும்.

கழற்றும்போது மைனஸ் 48 முதலில், அதன் ரிட்டர்ன் (பாசிட்டிவ்) அடுத்தது, எர்த் கடைசி. பொருத்தும்போது எர்த் முதலில், ரிட்டர்ன் அடுத்தது, மைனஸ் கடைசி. எர்த் இணைக்கப்படாத மாட்யூல் ஒரு விநாடி கூட வேறெதோடும் இணைந்திருக்கக் கூடாது. சேர்வராயன் மலையின் அடியில் இருப்பது கெட்டியான சார்னோகைட் பாறை. அங்கே எர்த் குழி நல்ல மதிப்பைக் கொடுப்பது சிரமம், கோடையில் இன்னும் மோசம். மலை ஏறிப் போனதோடு எர்த் மின்தடையையும் அளந்து குறித்துவைத்தால், அடிக்கடி போர்டு எரியும் சைட்டின் காரணம் அதிலேயே வெளிப்படலாம்.

ஷெல்டருக்குள் போர்டு மாற்றுதல்

மனிதன் உடலில் உணரும் நிலை மின்சாரம் ஏறக்குறைய 3,000 வோல்ட்டில்தான் தொடங்குகிறது. சில சிப்புகளோ 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே சேதமாகும். அதாவது போர்டைக் கொன்றது தொட்டவருக்கே தெரியாது, அது இரண்டு மாதம் கழித்துச் சாகும். ஆன்டி-ஸ்டேட்டிக் கைப்பட்டையைத் தோலோடு ஒட்டி மாட்டி, மறுமுனையை ரேக்கின் எர்த் ஜேக்கில் செருக வேண்டும். பட்டைக்குள் 1 மெகாஓம் மின்தடை இருப்பது அணிபவரின் பாதுகாப்புக்காக. வயரைச் சாதாரணக் கம்பியால் ஒட்டுப் போடக் கூடாது.

இயங்கும்போதே மாற்றக்கூடிய போர்டு எது, மாற்றக் கூடாதது எது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபேனும், இரட்டையாக உள்ள பவர் மாட்யூலும் பெரும்பாலும் இயக்கத்திலேயே மாறும். பிரதானக் கட்டுப்பாட்டு போர்டை மாற்றினால் சைட் முழுவதும் விழும். அதற்கு முன் கான்ஃபிகரேஷனை வெளியே சேமித்துக்கொண்டு, லைசென்ஸ் அந்த போர்டின் சீரியல் எண்ணோடு கட்டப்பட்டதா என்று கேட்டுத் தெளிய வேண்டும். அப்படிக் கட்டப்பட்டிருந்தால் புதிய லைசென்ஸ் கையில் வரும் வரை மலை ஏறுவதில் பயனில்லை.

கேபிள்கள் ஒவ்வொன்றிலும் போர்ட் எண்ணை எழுதி ஒட்டி, ஒரு புகைப்படம் எடுத்த பிறகு கழற்ற வேண்டும். போர்டின் இரு நெம்புகளையும் ஒரே நேரத்தில் திறந்து நேராக இழுக்க வேண்டும். செருகும் முன் டார்ச்சை அடித்து ஸ்லாட்டின் உள்ளே, போர்டு இணையும் பேக்பிளேன் ஊசிகளைப் பார்க்க வேண்டும். வளைந்த ஒரு ஊசியின் மேல் போர்டைத் திணித்தால், போர்டு மாற்ற வந்த வேலை ரேக்கையே மாற்றும் வேலையாகிவிடும். வழிகாட்டிப் பள்ளத்தில் போர்டு தானாக வழுக்கிச் செல்ல வேண்டும். கடைசி அழுத்தம் மட்டும் நெம்புகளுக்கு உரியது, முகப்புத் திருகுகளை முறுக்கி உள்ளே இழுப்பது தவறு. காலியான ஸ்லாட்டுக்கு மூடுதகடு போடாவிட்டால் காற்று அந்த வழியே ஓடி மற்ற போர்டுகள் சூடேறும்.

ஒளி இழையின் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது. 1310 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஒன்றுமில்லை என்று தோன்றும். முனையைச் சிறு நுண்ணோக்கியில் பார்த்து, கிளீனரால் துடைத்து, மறுபடி பார்த்து, பிறகு செருக வேண்டும். சேலத்து மாக்னசைட் சுரங்கப் பக்கம் போய்வந்த பையில் கிடந்த பேட்ச் கார்டை மூடியில்லாமல் செருகுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டவர் மேல் ஆர்ஆர்யு

ஆர்ஆர்யு வகையைப் பொறுத்து 15 முதல் 30 கிலோ வரை எடை இருக்கும். அதை முதுகில் கட்டிக்கொண்டு ஏறுவது கூடாது. எடைக்கு ஏற்ற கப்பியில் கயிறு கோத்து, டவரில் மோதாமல் இழுத்துப் பிடிக்க இரண்டாவது கயிறு ஒன்றும் கட்டி, கீழிருந்து ஏற்ற வேண்டும். மேலே இருவர், கீழே ஒருவர் என்பது குறைந்தபட்சம். ஃபுல் பாடி ஹார்னஸில் இரட்டைக் கொக்கிக் கயிறு இருக்க வேண்டும்; ஒன்றைக் கழற்றும் முன் மற்றொன்று மாட்டப்பட்டிருக்க வேண்டும். விழுந்தவர் ஹார்னஸிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் சில நிமிடங்களில் இரத்த ஓட்டம் பாதித்து மயங்கலாம் என்பதால், அவரை யார், எப்படி இறக்குவது என்பதை ஏறுவதற்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். ஆம்புலன்ஸ் மலை ஏறி வரும் வரை அவர் காத்திருக்க முடியாது. 40 மீட்டரிலிருந்து நழுவிய ஸ்பேனர் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். கருவி ஒவ்வொன்றும் கயிற்றோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், டவரைச் சுற்றிலும் ஆள் நடமாட்டம் தடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆன்டெனாவுக்கு முன்னால் நிற்கும் முன், நாம் வேலை செய்யும் செக்டரோடு, அதே உயரத்தில் உள்ள மற்ற நிறுவனங்களின் ஆன்டெனாக்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரே டவரில் மூன்று நிறுவனங்கள் இருப்பது சாதாரணம். நம் மையம் நம்முடையதை மட்டுமே நிறுத்தியிருக்கும். இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் பொதுமக்களுக்கான கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேச அளவின் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. ஆனால் தெருவில் நிற்பவரைக் கணக்கிட்ட அந்த வரம்பு, ஆன்டெனாவின் முகத்தில் ஒரு கை தூரத்தில் நிற்பவருக்குப் பொருந்தாது. முன்னால் போகத் தேவை இருந்தால் அவர்களிடமும் நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். செக்டர் லாக் ஆகாமல் ஜம்பரைக் கழற்றினால், 40 வாட் சக்தி விரல் நுனியை உள்ளிருந்து சுடும்.

புதிய ஆர்ஆர்யுவைத் தாங்கியில் அமர்த்தி, எர்த்தை இணைத்து, பிறகு ஜம்பர், ஒளி இழை, மின்கேபிள் என்ற வரிசையில் செல்லலாம். 7/16 கனெக்டருக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 4.3-10 கனெக்டருக்கு 5 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். கை பலத்தை நம்புகிறவர்கள் முதல் வகையைத் தளர்வாகவும் இரண்டாம் வகையை உடையும்படியும் இறுக்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். டார்க் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஏறக் கூடாது. கனெக்டரின் மேல் ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் பிவிசி நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். ஓட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிவது போல ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் பாதியை மூடியபடி ஏறினால், மழைநீர் உள்ளே நுழைய விளிம்பு கிடைக்காது. கேபிள் கனெக்டருக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தொங்கும்படி விட்டால், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

இயக்கிய பின்

நாடா சுற்றுவதற்கு முன்பே ஒருமுறை மின்சாரம் கொடுத்து வி.எஸ்.டபிள்யூ.ஆர் பார்த்துவிட்டால், பிறகு சுற்றியதைப் பிரிக்க வேண்டி வராது. எம்சிபியை ஏற்றும்போது ஆன்டெனாவின் முன்னால் எவரும் இல்லை என்பதை வாக்கி-டாக்கியில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். புதிய மாட்யூல் தனக்குரிய மென்பொருள் பதிப்பை இறக்கிக்கொள்ளும். மைக்ரோவேவ் இணைப்பில் இயங்கும் சைட்டில் இது நேரம் எடுக்கும், பொறுமையிழந்து நடுவில் மின்சாரத்தை நிறுத்தினால் மாட்யூலே செயலிழக்கலாம். அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும் 2300 அல்லது 3500 மெகாஹெர்ட்ஸ் டிடிடி சைட்டில், கட்டுப்பாட்டு போர்டு மாற்றிய பிறகு ஜிபிஎஸ் கடிகாரம் பூட்டிக்கொள்ளும் வரை செக்டரைத் திறக்கக் கூடாது. ஒன்றரை மைக்ரோ விநாடி பிசகினாலே பக்கத்து டவர்களின் மேல் இந்த டவர் இரைச்சலாக விழும்.

எல்லா போர்ட்டுகளிலும் வி.எஸ்.டபிள்யூ.ஆர், இரு முனைகளிலும் ஒளியின் அளவு, காத்திருக்கும் நிலையில், போனிலிருந்து டவருக்கு வரும் பாதையான அப்லிங்கின் இரைச்சல் ஆகிய மூன்றையும் பதிவு செய்ய வேண்டும். எல்டிஇ என்னும் 4ஜியில் அலைவரிசையின் சிறு கூறான ஒரு ரிசோர்ஸ் பிளாக்குக்கு மைனஸ் 118 டிபிஎம் அருகே இரைச்சல் இருந்தால் நலம். ஒரு போர்ட் மட்டும் மற்றதைவிட மூன்று நான்கு டெசிபல் உயர்ந்து நின்றால் ஏதோ ஒரு கனெக்டர் சரியில்லை. ஒவ்வொரு செக்டரிலும் குரல் அழைப்பும் டேட்டாவும் செய்து பார்த்து, அந்த செக்டருக்கு எதிரே உள்ள தோட்டத்துப் பாதையில் நின்றும் ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும். ஜம்பர்கள் செக்டர் மாறி மாட்டப்பட்டிருந்தால் ஷெல்டர் வாசலில் அது தெரியாது.

கழற்றிய மாட்யூலைப் புதியது வந்த உறையிலும் பெட்டியிலும் வைத்து, அலாரம் என்ன, எப்போது வந்தது, எதைச் சோதித்தோம் என்பதை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைக்க வேண்டும். வெறும் பழுது என்று எழுதிய சீட்டால் பழுது பார்ப்பவருக்கு எந்த உதவியும் இல்லை. பூட்டையும் அட்டையையும் எடுத்து, ஜெனரேட்டரைத் தானியங்கிக்குத் திருப்பி, கருவிகளை எண்ணி, கேபிள் நுழையும் துளைகளைப் பாம்பும் எலியும் வராதபடி அடைத்துவிட்டு, கட்டுப்பாட்டு மையத்தில் அலாரம் அடங்கியதை அவர்கள் வாயால் கேட்ட பிறகு ஷெல்டரைப் பூட்டலாம். புதிய மாட்யூல் சூடேறிய பிறகே சில கோளாறுகள் தலைகாட்டும் என்பதால், நான் ஏற்காடு ஏரிப் பக்கம் ஒரு தேநீர் குடித்துவிட்டு, அரை மணி கழித்து மையத்துக்கு மறுபடி ஒருமுறை அழைத்துக் கேட்ட பிறகே முதல் வளைவில் இறங்குவது வழக்கம்.